ஏலத்தில் எடுத்த குதிரை

தம்பி,

குதிரை வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; கடைசிவரை வாசித்துவிட்டு அம்மா என்னை ஏமாற்றிவிட்டா என்று நீ சொல்லக்கூடாது. ரொறன்ரோவில் உன் புது வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே அதற்கென்று இடம் விட்டு, மேலே ஒரு விளக்கும் பூட்டிப் படம் அனுப்பியிருந்தாய். அந்த விளக்குக்குக் கீழே ஒரு பூச்சாடியை வை. நீ கோபத்தில் இருக்கிறாய், தெரியும். நான் உனக்குப் போன் எடுத்தால் மருமகள்தான் வருகிறாள். "அவர் வேலைக்குப் போயிட்டார் மாமி" என்று இரவிலும் சொல்கிறாள், ஞாயிற்றுக்கிழமையிலும் சொல்கிறாள். பாவம், அவளுக்குப் பொய் சொல்லவும் சரியாக வரவில்லை. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். இதை ஊராக்களின் வட்ஸ்அப் குழுவிலும் போடச் சொல்லிக் கோயில் செயலாளரிடம் கொடுக்கப் போகிறேன். சுவிஸில் இருப்பவர்களும் லண்டனில் இருப்பவர்களும் "உங்கட அம்மாவுக்கு விசர் பிடிச்சிட்டுதோ?" என்று உன்னைக் கேட்டார்களாம். கேட்டவர்கள் எல்லோரும் இருந்து வாசிக்கட்டும்.

எப்படித் தொடங்கியது என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புங்குடுதீவில் எங்கள் அம்மன் கோயிலைத் திருத்த வெளிநாட்டிலிருந்து காசு வந்தது. பழைய வாகனசாலையை இடித்தார்கள். சாமி ஏறி ஊர்வலம் போகும் வாகனங்கள் எல்லாம் புதிதாக வந்து இறங்கின. வேட்டைத் திருவிழாவுக்கு அம்மன் ஏறும் குதிரையும் புதிது. பல்லுக்குப் பல் வெட்டி, பிடரியில் மயிருக்கு மயிர் வெட்டி, வடிவான குதிரைதான், நான் குறை சொல்லமாட்டேன். ஐயர் பழைய குதிரையிலிருந்து தெய்வக் கலையை இறக்கிக் குடத்துத் தண்ணீரில் ஏற்றி, அதைப் புதுக் குதிரைக்கு மாற்றினார். இனிப் பழையது வெறும் மரம் என்றார்கள். வெறும் மரம் என்றால் விற்கலாம்தானே என்றார்கள். இரண்டு தூக்குவிளக்கு, ஓடாத மணிக்கூடு ஒன்று, ஒல்லாந்தர் காலத்தது என்று சொல்லிக்கொள்ளும் பெட்டகம் ஒன்று, இவற்றோடு குதிரையும் சேர்ந்து "பழம்பொருள் ஏலம்" என்று படத்தோடு குழுவில் வந்தது. எங்கள் கோயிலுக்கு ஏலம் புதிதில்லை. அம்மனுக்குச் சாத்திய சேலையையும் நேர்த்திக்கடனாக வந்த பலாப்பழத்தையும் வீதியில் வைத்துக் கூவி விற்றுத்தான் பழக்கம். ஒரு மாம்பழத்துக்காக இரண்டு வீட்டுக்காரர் முகம் பார்க்காமல் திரிந்த ஊர் இது. ஆனால் அம்மன் இருந்த குதிரையைக் கூவி விற்பதை அன்றைக்குத்தான் கண்டோம்.

அதை ஏன் "எங்கட குதிரை" என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம் என்பதை உன் பிள்ளைகளுக்கும் சொல்லு. திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். அன்றைய பூவும் மேளமும் சாப்பாடும் வாகனத்துக்குப் பெயின்ற் அடிப்பதும் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. வேட்டைத் திருவிழா எங்களுடையது. உன் அப்பா மாத்தறையில் இரும்புக்கடை வைத்திருந்த காலத்தில், திருவிழாவுக்கு வரும்போது கடையில் விலைப்படாமல் கிடந்த பெயின்ற் ரின்னைக் கையோடு கொண்டு வருவார். சும்மா கிடந்து காய்வதை அம்மனுக்காவது அடிப்போம் என்பது அவருடைய பக்தி. மாத்தறைச் சனம் எந்த நிறத்தை வேண்டாம் என்றதோ, அந்த நிறத்தில் எங்கள் அம்மன் வேட்டைக்குப் போவா. ஒரு வருடம் குதிரை ஆகாயநீலம். ஒரு வருடம் றோஸ். ஐயர் தலையிலடித்துக்கொண்டு, "உலகத்தில எங்கயாவது றோஸ் குதிரை கண்டனீரோ?" என்று கேட்டார். "ஐயா, உலகத்தில எங்கயாவது அம்மன் கண்டனீங்களோ? கோயில்லதானே காணுறம். குதிரையையும் இஞ்சயே பாருங்கோ" என்றார் அப்பா. நீ பிறந்த வருடம் மாம்பழ மஞ்சள். அதற்கு ஒரு காரணமும் இல்லை, மஞ்சள்தான் அந்த வருடம் விற்கவில்லை. ஆனால் நான் உன்னை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மஞ்சள் குதிரை தீவட்டி வெளிச்சத்தில் குதித்துக் குதித்து வருவதைப் பார்த்து அழுதேன். ஏன் அழுதேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சும்மா சந்தோசம்தான்.

இனி உன் கதை. உனக்கு ஆறு வயது. அந்த நாளில் வேட்டை கடற்கரைவரைக்கும் போகும். குதிரையை மணலில் இறக்கிவைத்துப் பூசை செய்துவிட்டுத்தான் திரும்பக் காவிக்கொண்டு வருவார்கள். அடுத்த நாள் காலை அப்பாவோடு வாகனசாலைக்குப் போன நீ, குதிரையின் பீடத்தில் ஈரமணலும் கடல் பாசியான சாதாளை ஒரு துண்டும் ஒட்டியிருந்ததைக் கண்டுவிட்டாய். ஓடி வந்து, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் நின்று மூச்சு வாங்க, "அம்மா, குதிரை ராத்திரிக் கடலுக்கு மேலால ஓடிப் போட்டு வந்திருக்கு, நான் கண்டனான்" என்றாய். சாதாளையைக் கண்டதோடு நிறுத்தவில்லை. அது எப்படி முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு அலைக்கு மேலால் போனது, காது எப்படி ஆடியது என்று எல்லாவற்றையும் கண்டவன் மாதிரியே சொன்னாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நயினாதீவுப் பக்கமோ போனது?" என்று கேட்டார். நீ, "ஓம், பேந்து நெடுந்தீவுக்கும் போனது" என்றாய். "அது சரி. அங்கதானே அவருக்குச் சொந்தக்காரர் இருக்கினம்" என்றார் அப்பா. நெடுந்தீவு வெளிகளில் ஆளில்லாமல் திரியும் குதிரைகளைச் சொல்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையைச் சொன்னாய், அன்றோடு உனக்குக் குதிரைப் புழுகன் என்று பட்டம் கிடைத்தது. நீ ஒருநாளும் அழவில்லை. "கண்டனான்" என்பதை விட்டு இறங்கவுமில்லை. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

பிறகு எல்லாம் தலைகீழாகப் போனது. கலவரத்தில் அப்பாவின் கடை எரிந்தது. சண்டை தீவுக்கு வந்தது. கோயிலைப் பூட்டிவிட்டு எல்லோரும் போனோம், குதிரை மட்டும் இருட்டில் நின்றது. திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக் கதவும் நிலையும் இல்லை, ஆனால் குதிரை நின்றது. அப்பா யாழ்ப்பாணத்தில் பெயின்ற் வாங்கி, தூசி தட்டக்கூடப் பொறுமையில்லாமல் அதன் மேலேயே பச்சை அடித்தார். "இப்ப நான் காசு குடுத்து வாங்கினது. எனக்குப் பிடிச்ச நிறம்" என்றார். அதுதான் அவர் அடித்த கடைசிப் பூச்சு. அவர் போன பிறகு நீ காசு அனுப்பினாய், ஆரோ வெள்ளை அடித்தார்கள். குதிரை என்றால் வெள்ளைதான் என்று ஐயரும் சந்தோசப்பட்டார்.

ஏலச் செய்தியைக் கண்டவுடன் நீ போன் எடுத்தாய். "அம்மா, என்ன விலை எண்டாலும் விடாதேங்கோ. அது எங்கட குதிரை" என்றாய். எனக்கு நெஞ்சு குளிர்ந்து போனது. உன் கதையை நீ மறக்கவில்லை என்று நினைத்தேன். "அது கடலுக்கு மேலால ஓடினது ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டேன். நீ, "என்ன கடல் அம்மா?" என்றாய். நான் முழுக்கதையையும் சொன்னேன். நீ சிரித்தாய். "சின்னனில எல்லாப் பிள்ளையளும் புழுகுறதுதானே" என்றாய். பிறகு, "அனுப்ப முன்னம் அந்தப் பெயின்ற் எல்லாத்தையும் சுரண்டிப்போட்டு நல்லா வார்னிஷ் அடிக்கச் சொல்லுங்கோ. இஞ்ச ஆக்கள் மரத்தின்ர நிறத்தைத்தான் விரும்புவினம்" என்றாய். நான் ஓம் என்றேன். உனக்கு ஓம் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். ஆனால் போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏலத்தன்று கோயில் வீதியில் பந்தல் போட்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து பழம்பொருள் வியாபாரி ஒருவர் வான் வண்டியில் வந்திருந்தார். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். ரோச்லைற் அடித்துக் குதிரையின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "அம்மா, இந்தப் பெயின்ட் எல்லாம் உரிச்சிட்டா உள்ள அருமையான மரம். ஒரு ஹொட்டேல் வாசல்ல நிக்க வைக்கப் போறாங்க" என்றார். பார், அவருக்கும் உனக்கும் ஒரே ஆசை. செயலாளர் கூவத் தொடங்கினார். நான் முதல் விலையைக் கேட்டேன். உனக்குத் தெரியும், உபயகாரர் கேட்டால் அதற்கு மேல் ஊரில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அது எழுதாத சட்டம். சனம் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்தது. செயலாளர் "ஒருதரம்" என்று சொல்லவும், வியாபாரி கையைத் தூக்கி மேலே கேட்டாரே பார்க்கலாம்! பந்தல் முழுக்கத் திரும்பி அந்த மனிசனைப் பார்த்தது. பூசை நேரத்தில் தும்மினவரைப் பார்ப்பதுபோல. "அண்ணை, அது அவையின்ர திருவிழாக் குதிரை. அவைக்கு மேல கேக்கிறேல்லை" என்று ஆரோ சொன்னார்கள். "ஏலம்னா ஏலம்தானேங்க?" என்று அவர் பாவமாகக் கேட்டார். அவர் சொன்னதும் நியாயம். நான் மேலே கேட்டேன், அவர் மேலே கேட்டார். அவர் போனில் ஆரிடமோ கேட்டுக் கேட்டு ஏற்றினார், நான் ஆரையும் கேட்கவில்லை. கடைசியில் அவருடைய போன்காரர் போதும் என்று சொல்லிவிட்டார் போல, கையை விரித்துவிட்டார். மூன்றாம் தரமும் சொல்லிக் குதிரை எங்களுக்கு விழுந்தது. சனம் கை தட்டியது. அந்த நேரம் சத்தியமாக உனக்காகத்தான் எடுத்தேன், தம்பி. என் மனதில் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு முன்னறையில் வைத்தார்கள். கிழவி ஒருத்திக்கு ஒரு குதிரை காவல். காலையில் எழும்பினால் அது என்னைப் பார்க்கும். தேத்தண்ணி குடித்துக்கொண்டு நானும் அதைப் பார்ப்பேன். சில நேரம் கதைத்தும் இருக்கிறேன், ஒளிப்பானேன். நீ ஒழுங்குபண்ணிய பொலிஷ்காரர் வேலணையிலிருந்து வந்தார். பின்னங்காலில் ஒரு இடத்தில் பெயின்ற் உரிக்கும் மருந்தைப் பூசி, தகட்டால் மெல்ல வழித்தார். உன் வெள்ளை வந்தது. அதற்குக் கீழே அப்பாவின் பச்சை. அதற்குக் கீழே மெல்லிய ஒரு கறுப்புக் கோடு. "இதென்ன நிறம் அக்கா?" என்று அவர் கேட்டார். நிறமில்லை, தூசி. நாங்கள் ஊரில் இல்லாத வருடங்கள். அப்பா தட்டாமல் விட்ட தூசி அப்படியே இருந்தது. கோட்டுக்குக் கீழே சிவப்பு, றோஸ், நீலம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. பிறகு மஞ்சள். மாம்பழ மஞ்சள், தம்பி, நேற்று அடித்தது மாதிரி. அவர் தகட்டைத் திரும்ப வைத்தார். "நிப்பாட்டுங்கோ" என்று கத்திவிட்டேன். மனிசன் பயந்து மருந்துப் போத்தலைக் கையிலிருந்து விட்டுவிட்டார். முன்னறைச் சீமெந்தில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

நீ வாங்க நினைத்தது மரம். மரம் உனக்கு அங்கேயும் கிடைக்கும், கனடாவில் மரத்துக்கா பஞ்சம்? இந்தக் குதிரையில் மரத்தைவிட நாங்கள்தான் கூடுதலாக இருந்தோம். உன் வீட்டில் பழைய சாமான் எத்தனையோ சேர்த்து வைத்திருக்கிறாய், சந்தோசம், இன்னும் சேர். ஒன்று மட்டும் கேள்: எதை வாங்கினாலும் சுரண்டாதே. சுரண்டித்தான் அழகு வருமென்றால் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வா.

அப்படியென்றால் வீட்டிலேயே வைத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். நானும் யோசித்தேன். எனக்கு ஏலாமல் வருகிறது, முழங்கால் சொல்வழி கேட்பதில்லை. எனக்குப் பிறகு இந்த வீட்டுக்கும் ஒரு பூட்டு விழும். புங்குடுதீவில் பூட்டுப் போட்ட வீடுகளின் கதை உனக்குத் தெரியாததா? முதலில் அலுமாரி போகும், பிறகு கதிரை, பிறகு கதவு. ஒருநாள் அந்தக் கொழும்பு மனிசனே மரியாதையாக வந்து நிற்பார். கதவு போகட்டும், அது கதவு. குதிரையை அப்படி விட எனக்கு மனமில்லை. கோயிலுக்குப் போய் ஐயரைக் கேட்டேன். "பழைய வாகனத்தைக் கடலில விடுறதுதான் முறை, அம்மா. சபைதான் விக்கிறதெண்டு நிண்டது" என்றார். அப்படியே வீட்டுக்கு வந்து, குதிரையிடம் சொன்னேன். அதற்கும் சம்மதம் போலத்தான் இருந்தது.

மீன்பிடிக்கிற அந்தோனி அண்ணைதான் வள்ளம் தந்தார். கூலி வேண்டாம் என்றுவிட்டார். குதிரையைப் பீடத்தோடு வள்ளத்தில் குறுக்கே வைத்துக் கட்டி, நானும் அவரும் அவருடைய மருமகனும் போனோம். பொழுது படுகிற மம்மல் நேரம். காற்று விழுந்து கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. "கல்லுக் கட்டாட்டித் தாழாது அக்கா. கட்டவோ?" என்று அந்தோனி அண்ணை கேட்டார். நான் வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது, வாயில் வந்துவிட்டது. "பேந்து நேவிக்காரர் பிடிச்சால்?" என்று கேட்டார். "பிடிச்சால் அடையாள அட்டையைக் கேக்கட்டும். எங்களிட்டை எத்தினை தரம் கேட்டவை" என்றேன். மூவரும் சிரித்தோம். நான் பின்னங்காலில் அந்த மஞ்சள் இடத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். அவர்கள் இருவரும் தள்ளிவிட்டார்கள்.

முதலில் பக்கவாட்டில் விழுந்து தண்ணீருக்குள் தாழ்ந்தது. அந்த நேரம் பார்த்து வள்ளத்தின் எஞ்சின் நின்றுபோனது. அவர்கள் இருவரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எஞ்சினோடு மல்லுக்கட்டினார்கள். நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பீடம் கீழே, குதிரை மேலே, மெல்ல நிமிர்ந்து எழும்பியது. தண்ணீர் வழிய வழிய நின்றது. பிறகு சின்ன அலை எழும்பி, நீரோட்டம் அதை எடுத்தது. நான் பொய் சொல்லவில்லை, தம்பி. முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, அலைக்கு ஒருதரம் ஏறி ஒருதரம் இறங்கி, அது ஓடியது. சூரியன் இறங்குகிற வெளிச்சத்தில் அது வெள்ளையா மஞ்சளா என்றே தெரியவில்லை. நயினாதீவுப் பக்கம்தான் போனது. பிறகு திரும்பி நெடுந்தீவுப் பக்கம். நீ சொன்ன அதே வழி. காதுகூட ஆடியது. மரத்தில் செய்த காது எப்படி ஆடும் என்று என்னைக் கேட்காதே. எஞ்சின் உயிர் பெற்று அவர்கள் திரும்பிப் பார்க்கும்போது வெறும் கடல்தான் இருந்தது.

கரைக்கு வந்து சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், வாய் நிற்கவில்லை. "அது கடலுக்குள்ள தாண்டிருக்கும் அக்கா, வெயில் கண்ணுக்கு அடிச்சிருக்கும்" என்று அந்தோனி அண்ணை பக்குவமாகச் சொன்னார். மற்றவர்கள் பக்குவமெல்லாம் பார்க்கவில்லை. குழுவில் என்ன எழுதினார்கள் என்று நீ வாசித்திருப்பாய். சந்தைக்குப் போனால் மீன்காரப் பெண்டுகள், "அக்கா, குதிரை எந்த ஊர்ல நிக்குதாம்?" என்று கேட்கிறார்கள். உன் பழைய பட்டத்தை ஆரோ ஞாபகம் வைத்திருந்து எடுத்து எனக்கு வைத்துவிட்டார்கள். நான் இப்போது குதிரைப் புழுகி. இதுவரை எந்தக் கரையிலும் அது ஒதுங்கியதாகச் செய்தி இல்லை.

உன் காசைக் கடலில் விட்டேன் என்று நீ கோபப்படு, அது உன் உரிமை. ஆனால் கோபத்தை எத்தனை நாளைக்குப் பிடித்து வைத்திருப்பாய், எனக்கு வயது போகிறது. அன்றைக்குக் குசினி வாசலில் மூச்சு வாங்க நின்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். அப்பா ஒருவர்தான் உன்னை நம்பினார், அவரும் இப்போது இல்லை. இந்த ஊரில் எனக்காகச் சொல்ல ஒருவரும் இல்லை. அந்தக் குதிரை ஓடியதைக் கண்டவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், அதில் ஒருவன் மறந்துவிட்டேன் என்கிறான். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். மறந்தவன் "என்ன விலை எண்டாலும் விடாதேங்கோ" என்று சொல்லமாட்டான். அடுத்தமுறை மருமகள் போனைத் தந்தால் வாங்கு, ராசா. வேறு ஒன்றும் கதைக்க வேண்டாம். "ஓம் அம்மா, நானும் கண்டனான்" என்று ஒருதரம் சொல்லு.